கேட்காத மைக்

மனைவி பாடுவதற்காக வாங்கிய ஒலிப்பதிவுப் பெட்டியை அவளுடைய தம்பிக்கே கொடுத்துவிட அவன் முடிவு செய்தான். அவள் இறந்த பிறகு அதைத் தொட ஆளில்லை.

எடுத்துப் போகுமுன் சோதித்துப் பார்க்கலாமென்று மைத்துனன் மைக்கைப் பெட்டியில் செருகி, பெட்டியை லேப்டாப்பில் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. மைக்கைத் தட்டினான், திரையில் கோடு அசையவில்லை. லேப்டாப்பின் ஓரத்தைத் தட்டியதும் துள்ளியது.

"அத்தான், சாஃப்ட்வேர்ல லேப்டாப் மைக்கைத்தான் போட்டு வச்சிருக்கீங்க. இந்தப் பெட்டி உங்க மேனேஜர் மாதிரி லைட்டைப் போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப உங்க அக்கா பாடினதெல்லாம்?"

"எல்லாமே லேப்டாப் மைக்ல பதிவானதுதான்."

பாடும்போது அறையின் அந்தக் கோடியில் அவள் மைக் முன் நிற்பாள். லேப்டாப் இந்தக் கோடியில் அவன் மடியில் இருக்கும். குரலே எழும்பவில்லை, வாயைத் திறந்து பாடு என்று ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்வான். தொண்டை கட்டும்வரை பாடிப் பார்த்தவள், ஒருநாள் "எனக்கு வராதுங்க" என்று மைக்குக்கு உறை மாட்டிவிட்டாள்.

மைத்துனன் அவளது கடைசிப் பதிவை ஓடவிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது அவள் குரல். அவன் ஒலியைக் கூட்டச் சொன்னான். கூட்டியதும் அவனுடைய பெருமூச்சும், "மறுபடியும் மொதல்லேருந்து" என்ற சலிப்பும்தான் அறையை நிறைத்தன.

"உங்க குரலை மட்டும் வெட்டிடட்டுமா அத்தான்?"

"அவ பாடும்போதே பேசியிருக்கேன்டா. வெட்டினா அவளும் போயிடுவா."