ராணி வாழ்த்து ஒலித்தபோது

அறுபதுகளில், கண்ணுகளா, பாட்டுக்காரர்கள் கூட்டமாக ஒரே பஸ்ஸில் ஊர் ஊராக வருவார்கள். இங்கிலாந்தில் எங்கள் கார்லைல் ஊர்த் தியேட்டரில் நானும் என் தோழி தெல்மாவும் டார்ச் அடித்து இருக்கை காட்டுகிற வேலையில் இருந்தோம். அன்று வந்த கூட்டத்தில் எங்கள் தெருப் பையன் க்ளைவும் கிதார் வாசித்தான். தெல்மாவைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவன், ஒரு வருடமாக அவளுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ரசிகைகள் நெருங்காதபடி பாட்டுக்காரர்கள் வந்து போகும் பின்வாசலைப் போலீஸ் மறித்திருந்ததால், ஷோவுக்கு முன்னாலும் அவளால் அவனிடம் பேச முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஷோ முடிவிலும் ராணி வாழ்த்து, அதுதான் எங்கள் தேசிய கீதம், போடுவார்கள்; அது முடியும்வரை யாரும் அசையக் கூடாது.

"ஷோ முடிஞ்சதும் போய்ப் பிடிச்சிடு," என்றேன்.

"எங்கடி? ராணி வாழ்த்து போட்டதும் நாம எல்லாரும் சிலையா நிப்போம். அந்த நேரத்துலதானே அவனுங்க பஸ் ஏறி ஓடுறானுங்க."

"அப்ப நீ நிக்காத."

"மேனேஜர் தோலை உரிச்சிடுவார்."

கடைசிப் பாட்டு முடிந்தது. ராணி வாழ்த்து ஒலித்தது. அதுவரை அலறிய பெண்பிள்ளைகள்கூடக் கண்ணீரோடு விறைத்து நின்றார்கள். வெளியே பஸ் உறுமியது. தெல்மா டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, நின்றவர்கள் நடுவே தனியாக நடந்து போனாள். மேனேஜரும் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால் கண்ணால் மட்டுமே அதட்ட முடிந்தது.

வாழ்த்து முடிவதற்குள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பாத்தியா?" என்று உதடு பிரியாமல் கேட்டேன்.

"பாத்தேன். ஜன்னலோரம் சீட்டாடிக்கிட்டிருந்தான். மெலிஞ்சுட்டான்டி."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். ஊருக்கு ஊர் பொண்ணுங்க அவன் பேரைக் கத்துறாங்க. நானும் அதுல ஒருத்தின்னு நெனச்சு, தலை நிமிராமலே கையை மட்டும் ஆட்டினான்."