நைட்ரேட் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே

கல் அறுப்பவன் தன் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்குள் குடிபோன இரண்டாவது வாரத்தில் நைட்ரேட் ஏற ஆரம்பித்தது. அவன் உள்ளே போனதைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சமையலறை மேடைக்கான கருங்கல்லை வருடக்கணக்கில் அறுத்ததில் தூசி நெஞ்சில் போய் உறைந்துவிட்டது என்பதும், மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாலை மீனுக்கு இரை போடக் குனிந்தவன், மூச்சு முட்டி முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தான். தூக்கிவிட ஓடிவந்த அக்கா, அவன் விலா எலும்புகள் என்றோ மறந்துபோன நிதானத்தோடு ஏறி இறங்குவதைப் பார்த்து, பிடித்த கையை விட்டுவிட்டாள். மறுநாள் அவளும் அவள் கணவனுமாக அவனை உள்ளே இறக்கினார்கள். தொட்டி ஆறடி நீளம், ஆள் இளைத்திருந்தான். உள்ளே அடுக்கியிருந்த பாறை மேல், முகத்துக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்க, மல்லாந்து படுத்துக்கொண்டான். மீன்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டன.

அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். கணவன் பேருந்து நடத்துநர். மச்சினன் எப்படி இருக்கிறான் என்று பணிமனையில் யாராவது கேட்டால், "எப்பவும் தண்ணியிலதான் கிடக்கறான்" என்று உள்ளதைச் சொல்வான். "பாவம், எப்படியாவது விட்டுடச் சொல்லுங்க" என்பார்கள் அவர்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புத்தண்ணீர் அவன் நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும், ஒருநாள் ஈரத்தலையோடு எழுந்து வந்து பசிக்கிறது என்பான் என்று அவள் நம்பியிருந்தாள். அதுவரை தண்ணீர் அவனைத் தாங்க வேண்டும்.

தண்ணீரோ தாங்கவில்லை. மனிதன் சாப்பிட்டால் கழிக்கத்தான் செய்வான். கழித்தது கரைந்து, மாறி மாறிக் கடைசியில் நைட்ரேட்டாகி, போக வழியில்லாமல் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாலைந்து மீன்களுக்கென்று அமைத்த தொட்டியில் ஒரு முழு ஆள். சோதனைக் குப்பியில் மருந்து விட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்த தண்ணீர், இப்போது ரத்தம்போல் சிவந்தது. அவன் உதடுகள் நீலம் பூத்தன. அவள் வாளி வாளியாகப் பழைய நீரை இறைத்துக் கொட்டி, புது உப்புநீர் கலந்து ஊற்றினாள். இரண்டு நாளில் குப்பி மறுபடி சிவந்தது.

"வாளிய வெச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கும்மா மல்லுக்கட்டுவீங்க? அழுக்கத் தின்ன உள்ளயே ஆள் வைக்கணும்" என்றார், தம்பிக்கு வளர்ப்பு மீன் விற்ற மீன்கடைக்காரர். தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரண்டு ரியாக்டர் குழாய்களைக் கொண்டுவந்து பொருத்தினார். ஒன்று கண்ணாடிபோல் தெளிந்த குழாய், உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை மணிகள். கீழிருந்து நீர் ஏற, மணிகள் ஓயாமல் புரளும். அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்னும். மற்றொன்றில் மஞ்சள் கந்தக உருண்டைகள். அதில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். உள்ளே காற்று தீர்ந்தால்தான் அங்கிருக்கும் பாக்டீரியா வேலையில் இறங்கும்.

ஒரு மாதத்தில் சிவப்பு வெளுத்தது. தம்பியின் உதட்டில் ரத்த நிறம் திரும்பியது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தூசி அவள் தம்பியின் பாதி உயிரைத் தின்றிருந்தது. மிச்சத்தில் ஒரு துளி அழுக்குக்கும் பங்கு தர அவள் தயாராக இல்லை. இன்னும் மணிகளைக் கொட்டினாள். தம்பி தின்று மிஞ்சிய துணுக்குகளைச் சாமணத்தால் பொறுக்கினாள். குப்பித் தண்ணீர் குடிநீர்போல் நிறமற்று நின்ற அன்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றிலிருந்துதான் தம்பி வெளிற ஆரம்பித்தான்.

முதலில் பாறையில் இருந்த பவளங்கள் வெளுத்தன. பிறகு அவன் கைவிரல்கள். பிறகு அவன் மார்பின் வழியே பின்னால் இருக்கும் பாறையின் துளைகள் தெரிந்தன. எங்கோ அழுக்கு மிச்சமிருக்கிறது என்று முடிவுகட்டி, அவள் கந்தகக் குழாயின் சொட்டை இன்னும் குறைத்தாள். வீடெங்கும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அவன் இன்னும் மங்கினான். செய்யும் வைத்தியமெல்லாம் அவனைத் துடைத்து அழித்துக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அவள் மேலும் மேலும் வைத்தியம் செய்தாள். கடையில் தைத்த திரைகளின் ஓரங்கள் கோணின. ஆளைக் காணவில்லை என்று அவள் அலறிய காலையில், அவன் இருமலால் எழுந்த குமிழிகளை வைத்துத்தான் கணவன் அவன் படுத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தான்.

மீன்கடைக்காரர் வந்து குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "சைபரா? யாரும்மா உங்கள சைபர் பண்ணச் சொன்னது? மீனுக்கு அழுக்குன்னா ஆகாது. பவளத்துக்கு அழுக்கு கொஞ்சம்கூட இல்லன்னாலும் ஆகாது. பட்டினியில செத்துடும்."

"என் தம்பி மீனா, பவளமா?" என்று கத்தினாள் அக்கா. "அதச் சொல்லுங்க முதல்ல!"

அவர் சட்டைக் கையை மடித்து, தொட்டிக்குள் கைவிட்டு, அவன் முதுகுக்கு அடியில் துழாவினார். லேசாகத் தூக்கிப் பார்த்தார். பாறையும் சேர்ந்து அசைந்தது. கையை மெதுவாக எடுத்துத் துடைத்துக்கொண்டார். தம்பிதான் கழுத்தை நிமிர்த்தி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தான்.

"ஒட்டி ரொம்ப நாளாச்சுக்கா. சொன்னா நீ பிச்சு எடுத்துடுவேன்னுதான் சொல்லல."

"வலிக்குதாடா?"

"இல்ல. பசிக்குது."

அவள் கந்தக ரியாக்டரை அடைத்தாள். மணிகளில் முக்கால்வாசியை அள்ளி வெளியே கொட்டினாள். மீன் இரையைப் பிசைந்து, ஒரு துணுக்கைக்கூடச் சகிக்காத அதே கையால், நீர் கலங்கும்வரை கரைத்து ஊற்றினாள். நாட்கள் போயின, குப்பி நிறமற்றே நின்றது. அவன் இருக்கும் இடத்தைக் குமிழிகளை எண்ணியே தெரிந்துகொண்டாள். அப்புறம் ஒரு சாயங்காலம் குப்பியில் நகத்தின் நிறத்தில் ஒரு சிவப்பு. இன்னும் சில நாளில் பாறைமேல் ஒரு கை தெரிந்தது, பிறகு காது, பிறகு அவளை முறைக்கும் கண்.

அவன் கட்டிலைப் பிரித்து, அந்த இடத்தில் உப்புநீர்ப் பீப்பாய் ஒன்றை வைத்தார்கள். வருடங்கள் ஓடின. அவன் இடது தோளில் ஊதாப் பவளம் பூத்து, நெருங்கி வளர்ந்து, கண்ணாடியில் இடித்தது. வெட்டிவிடச் சொன்னான். அவள் நூல் கத்தரியால் ஒரு கிளையை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி மீன்கடைக்காரருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் அதைத் தன் வீட்டுத் தொட்டியில் ஒட்டிவைத்தார். நன்றாகப் பிடித்துக்கொண்டது, சாயங்காலங்களில் கொஞ்சம் இருமுகிறது, மற்றபடி தொந்தரவில்லை என்று ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு, உங்கள் தொட்டியில் நைட்ரேட் எவ்வளவு என்று விசாரித்தாள்.