ராசாங்கம் கடையின் சாவுத்தட்டு

செத்து இருபத்திரண்டு வருஷமான ஒரு பெண்ணை, பட்டப்பகலில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் பேச வைத்தேன். இதுவரை நான் சொன்ன பொய்களை அடுக்கினால் அரியலூர் சிமெண்டு மூட்டை அடுக்கைவிட உயரமாக நிற்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அந்த அடுக்கில் சேராது.

மெட்ராஸில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் சாம்பிள் தட்டு கேட்பது என் உத்தியோகம். பாட்டைக் கடைக்கு அனுப்புவதற்கு முன் நாலைந்து தட்டு மட்டும் அழுத்திப் பார்ப்பார்கள். நடுவில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ இருக்காது, வெறும் வெள்ளைச் சீட்டுதான். கரகரக்கிறதா, ஊசி துள்ளுகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கோடியே ஏழு லட்சம் தட்டு கேட்டதில் என் இடது காது வலது காதைவிட ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது. தட்டை நாக்கில் வைத்தால் எந்த மாசத்து அரக்கு என்று சொல்லிவிடுவேன்.

ஓய்வு பெற்று அரியலூரில் குடியேறிய பிறகு இந்தப் பெருமையை நான் சொல்லாத டீக்கடை இல்லை. அது பெரம்பலூர் வரை போய், ராசாங்கம் சவுண்டு சர்வீஸ் முதலாளி ஆள் விட்டனுப்பினார். எண்பத்து மூன்றாம் வருஷம். எல்லோரும் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய தட்டு நானூறு கிடக்கிறது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பஸ் ஏறினேன்.

நான் போனபோது கடைக்குள் சண்டை. ராசாங்கத்திடம் பதினெட்டு வருஷமாக மரத்திலேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் பாவாடை ஒரு பக்கம். பாவாடையின் மகள் மலர்க்கொடி ஒரு பக்கம். அவள் கையில் அச்சாபீஸுக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகைத் தாள். அதில் செத்துப்போன தன் அம்மா பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். அந்தப் பெயர் இருந்தால் பந்தலுக்கே வரமாட்டேன் என்கிறார் அவர்.

மீதியை ராசாங்கம் என் வளர்ந்த காதில் போட்டார். பாவாடைக்குத் திருமழபாடி பக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போயிருந்தவர் திரும்பி வந்தபோது பெண்டாட்டி ஆண்டாயி வீட்டில் இல்லை. கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவள், மூன்று நாள் கழித்து வந்தாள். மெட்ராஸுக்குப் பாடக் கூட்டிப்போனார்கள் என்றாள். இவர் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். ஓடிப்போனவள் மகள் என்றே மலர்க்கொடிக்கு வந்த நாலு சம்பந்தம் தட்டிப்போயிற்று. இது ஐந்தாவது.

“மெட்ராஸு போயி பாடுனாளாம். கூலிக்காரிய கூட்டிப்போயி எவன்யா பாடச் சொல்லுவான்?” என்றார் பாவாடை என்னைப் பார்த்து. நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

எனக்கு எதற்கு ஊர் வம்பு என்று தட்டுகளில் இறங்கினேன். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, தேர்தல் பிரச்சாரம் என்று புரட்டிக்கொண்டே போனதில், அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. நடுவில் வெள்ளைச் சீட்டு. ஒரு பக்கம்தான் பாட்டு, மறுபக்கம் கண்ணாடி மாதிரி வழவழ. சாம்பிள் தட்டு. விலைக்கு வராத சரக்கு இது. எப்படி வந்தது என்றேன். மெட்ராஸில் கழித்த தட்டுகளை எடை போட்டு வாங்கிய மூட்டையில் கிடந்ததாம்.

“அது சாவுத்தட்டு சார். ஒப்பாரி. எழவு வூட்டுக்கெல்லாம் அதான் போடுறது. பாவாடைதான் துணி சுத்தி வைப்பான். வேற யாரையும் தொட வுடமாட்டான்” என்றார் ராசாங்கம்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சீட்டை ஒட்டிய வெற்று வளையத்தில், ஊசியால் கையால் கீறிய எழுத்து. கம்பெனி வழக்கம் அது. பாட்டின் நம்பர், பக்கத்தில் பதிவு செய்த தேதி. உரக்கப் படித்தேன். பதினாலு, ஏழு, அறுபத்தொன்று.

மலர்க்கொடி திரும்பினாள். அவள் அம்மா செத்தது அந்த வருஷம் ஆடி இரண்டாம் தேதி. ஆடி இரண்டு என்றால் ஜூலை பதினேழு, பாட்டுப் பதிவாகி மூன்றாம் நாள்; எனக்குக் கணக்குப் போட விரலே தேவைப்படவில்லை.

“போடுங்க சார்” என்றாள்.

பாவாடை ஒயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. “எழவு வூடு இல்லாம போடக்கூடாது” என்றார்.

நான் போட்டேன். என் ஒரு கோடியே ஏழு லட்சத்தில் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. இது மட்டும் கலப்படமில்லாத உண்மை. செத்தவனை எழுப்பிச் சண்டைக்கு இழுக்கிற குரல். மூன்று நிமிஷத்தில் அழுகை ஓய்ந்ததும் ராசாங்கம் பதறிப்போய் ஊசியைத் தூக்க வந்தார். சாவுத்தட்டை ஓடி முடிய விட்டால் அதே தெருவில் இன்னொரு சாவு விழுமாம். அந்தப் பயத்தில் இத்தனை வருஷமாக ஒரு எழவிலும் அவர்கள் அதை முழுசாக ஓட விட்டதில்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாம்பிள் தட்டின் வாலில், வெட்டாமல் விட்ட பேச்சு சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

கரகரவென்று ஓடியது. ஒரு ஆம்பிளைக் குரல், பேரும் ஊரும் கேட்டது.

“ஆண்டாயிங்க. திருமழபாடி.”

ஒயர் சுற்றும் சத்தம் நின்றது.

“முடிஞ்சிருச்சுங்களா? ரயிலு எத்தினி மணிக்குங்க? பால் கட்டிக்கிட்டு மாரெல்லாம் கல்லா கெடக்கு. புள்ள அழுவும். அது அப்பாரும் நடவுலேருந்து வந்துரும். சொல்லாம வந்துட்டேன், போயி நானே சொல்லணும்.”

அவ்வளவுதான். ஊசி வெறும் வளையத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. வெளியே துறையூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. என் வாய் மூடியிருந்தது. என் சம்சாரத்திடம் இதைச் சொன்னால் செத்தவள் பேசியதை நம்புவாள், இதை நம்பமாட்டாள்.

மலர்க்கொடி தன் அம்மாவின் குரலை அன்றைக்குத்தான் அம்மாவின் குரல் என்று தெரிந்து கேட்டாள். அழவில்லை. பத்திரிகைத் தாளை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாவாடை ஒயர் சுருளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தாளைப் பார்க்கவில்லை.

“போனா. பாடத்தான் போனா” என்றார். “மொத மொதலா கொழா கட்டி இந்தத் தட்டப் போட்ட அன்னிக்கே, மரத்து மேல இருந்து கேட்டேன். அவ கொரலு எனக்குத் தெரியாதா தாயி? பதினெட்டு வருசமா தெரியும்.”