இருபத்தைந்து துளைகள்

அண்ணனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. தண்ணீர் மோட்டார் முதல் பல்வலி வரை எதற்கும் அவனிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். தீர்ப்புச் சொன்ன பிறகு மோட்டார் ஓடியதா, பல் மிஞ்சியதா என்று அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் தங்கையின் கம்ப்யூட்டரைப் புதுசாக்குகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியபோது, அவள் தலையாட்டிவிட்டாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

தங்கை ஒரு தையல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பேட்டர்ன் போட்டுக் கொடுப்பவள். கை, காலர், முதுகு என்று சட்டையின் ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அளவு வாரியாகப் பிரித்து, நீளக் காகிதத்தில் அச்செடுத்து அனுப்புவாள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அங்கே துணி வெட்டுவார்கள். வரைகிற மென்பொருள் ரொம்பப் பழசு. அதை விற்ற நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. தீப்பெட்டி அளவில் அதற்கு ஒரு சாவி உண்டு. கம்ப்யூட்டரின் பின்புறம், அந்தக் காலத்து பிரிண்டர்களுக்கென்று வைத்த இருபத்தைந்து துளைகள் கொண்ட அகலமான போர்ட்டில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். ஏழு வருட உழைப்பு அந்தச் சாவிக்குப் பின்னால்தான் இருந்தது.

இப்போது மதர்போர்டு சாகக் கிடந்தது. வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாளைக்கு நாலு தடவை கம்ப்யூட்டர் அணைந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் நர்ஸ் சீருடைக்குப் பதினோரு அளவுகள் வெள்ளிக்கிழமை காலைக்குள் போயாக வேண்டும். போகவில்லையென்றால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் கம்பெனி மேனேஜர் சொல்லியாகிவிட்டது. அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

"பிராசசர்தான் எல்லாம். அதுதான் மூளை," என்றான் அண்ணன். மூன்று வாரம் விடாமல் வீடியோ பார்த்த ஞானம் முகத்தில் வழிந்தது. "மதர்போர்டு சும்மா ஒரு பலகை. மூளைய வைக்க ஒரு இடம் வேணும்ல, அவ்வளவுதான்."

"என் சாவிய செருகற போர்ட் இருக்கான்னு மட்டும் பாத்துக்க, அண்ணா."

"அதெல்லாம் கல்வெட்டு காலத்துச் சமாச்சாரம். இப்ப எல்லாமே யுஎஸ்பி. நீ தையல் வேலையப் பாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. கெட்டிக்காரன் என்ற பட்டத்தை அந்த வீட்டில் சின்ன வயதிலேயே அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் அவள்தான் அதிக மதிப்பெண் வாங்குவாள், பட்டம் மட்டும் கைமாறவே இல்லை.

"இவர் பேச்சக் கேட்டு வாங்குன வாஷிங் மெஷின் மேலதான் நாங்க பழைய பேப்பர் அடுக்கறோம்," என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். அண்ணன் காதில் அது ஏறவில்லை.

புதன்கிழமை பெட்டிகளோடு வந்து இறங்கினான். பதினாறு கோர் பிராசசர். ஏழு வண்ணத்தில் மின்னுகிற மதர்போர்டு. தங்கையின் கையில் டார்ச்சைக் கொடுத்து, "ஆட்டாம பிடி" என்று இரண்டு மணி நேரம் நிற்க வைத்தான். பூட்டி முடித்துப் பட்டனை அழுத்தினான். ஒன்பதே விநாடியில் திரை வந்தது. அவனே வாய்விட்டு எண்ணினான்.

"சாவிய எங்க செருகறது?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். இல்லாத போர்ட் முளைத்து வந்துவிடும் என்பதுபோல் இன்னொரு தடவையும் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு மாற்று வயரை எடுத்து, அதன் ஒரு முனையை யுஎஸ்பியிலும் மறுமுனையைச் சாவியிலும் மாட்டினான். சாவியைக் காணோம் என்றது திரை. எட்டு தடவை கழற்றி மாட்டினான். எட்டு தடவையும் அதே பதில்.

"சாஃப்ட்வேரே சரியில்ல. மாத்திடு."

"ஏழு வருஷ பேட்டர்னையும் நீயே உக்காந்து வரைஞ்சு குடுத்துடறியா?"

அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போய்விட்டான். வண்ண விளக்குகள் மட்டும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. தங்கைக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. வேலை தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு டார்ச் பிடித்தாளே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

வியாழன் காலை, கடை திறக்கும்போதே அவள் போய் நின்றாள். நானும் வருகிறேன் என்று அண்ணனும் தொற்றிக்கொண்டான்.

"கேம் ஆடவா, வீடியோ எடிட்டிங்கா?" என்றார் கடைக்காரர்.

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். "இது செருகணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்."

கடைக்காரர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தார். "பில் போடற கவுன்டர்க்காரங்க இன்னும் இதத்தான் கேக்கறாங்க." அவள் உள்ளே இருந்த மதர்போர்டைத் திருப்பி, நக நுனியால் துளைகளை எண்ணினாள். மேல் வரிசையில் பதின்மூன்று, கீழே பன்னிரண்டு. சாவியைச் செருகிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதுல எந்த பிராசசர் உட்காரும்?"

"இந்த நாலுல எது வேணும்னாலும்."

"நேத்து வாங்குன பதினாறு கோர்?" என்று அண்ணன் நடுவில் புகுந்தான்.

"அது வேற சாக்கெட் சார், இதுல உட்காராது."

அவள் நான்கில் சின்னதுக்கு அடுத்ததைக் கை காட்டினாள். அண்ணன் முகத்தைச் சுளித்தான். "இது குமாஸ்தா பிராசசர்."

"சட்டைக் காலருக்கு இந்த மூளை போதும். பெரிய மூளைங்கள நேத்தே பாத்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவளே திருகாணிகளைக் கழற்ற உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணன் நண்பனுக்குப் போன் போட்டான். "எடுத்த உடனே பிராசசரப் பாக்கக்கூடாதுடா. நமக்கு என்ன போர்ட் வேணும், அதுக்கு எந்த மதர்போர்டு, அப்புறம்தான் பிராசசர். எல்லார்கிட்டயும் நான் சொல்றதே இதுதான்."

அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை எழுந்தாள். அவன் கையிலிருந்த போனை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, டார்ச்சைக் கொடுத்தாள்.

"ஆட்டாம பிடி, அண்ணா. பேசாத."

அவன் பிடித்தான்.

பதினொன்றரைக்குச் சாவியை ஏற்றுக்கொண்டு மென்பொருள் திறந்தது. ஏழு வருடமும் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. தங்கைக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் வேலையில் இறங்கினாள். மாலை நாலு மணிக்குள் பதினோரு அளவும் முடிந்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

முதல் காகிதம் அச்சாகி வெளியே வரத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். பெட்டியை மூடி வெகுநேரம் ஆகியும், ஜன்னல் வெயிலில் அண்ணன் டார்ச்சை அடித்தபடியே நின்றான். அணைக்கச் சொல்ல வாயெடுத்தவள், அடுத்த அளவைத் திறந்துகொண்டாள்.