சித்தமானா

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு ஷெரின் நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மூக்கில் பஞ்சு. பெட்டிக்குள் அப்பா வைகுண்டராஜ் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பினவர் மாதிரிதான் இருந்தார். காலையிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கையும் காலும் யாருடையதோ போல இருந்தன. வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள், அவ்வளவுதான்.

"யக்கா, போதகர் ஐயா கூப்புடுதாவ," என்றான் தம்பி சதீஷ். "பெட்டிய மூடுறதுக்கு முந்தி நீதான் வீட்டு ஜெபம் பண்ணணுமாம்."

"நீ பண்ணு."

"எனக்கு வாய் வராதுக்கா. அப்பாவும் ஒன்னையத்தானே சொல்லிட்டுப் போயிருக்காவ."

மூத்த பிள்ளை பண்ணுவதுதான் அந்த வீட்டு வழக்கம். ஜெபம் பண்ணத் தெரியாதவளா அவள்? முடிவில் வருகிற அந்த ஒரு வரியைத்தான் சொல்ல மனசில்லை. 'ஆனாலும் உம்ம சித்தம், ஆண்டவரே.' அதைச் சொல்லாமல் வைகுண்டராஜ் வாயில் ஆமென் வராது. ஜெபத்தில் மட்டுமா? ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு அவர் மெக்கானிக். "நாளைக்கு வந்து பெல்ட் மாத்துதேன், ஆண்டவருக்குச் சித்தமானா" என்பார். பஸ்ஸில் ஏறி, "ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு, சித்தமானா" என்பார். "சித்தமானா டிக்கெட்டுல்லாம் இல்ல அண்ணாச்சி, ஏறுனா எறங்கித்தான் ஆகணும்" என்று கண்டக்டர் கேலி பண்ணியதை வீட்டில் வந்து அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். மனுஷன் அப்படி.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஷெரின் ஜெபித்தாள். "எங்கப்பாவப் பொழைக்க வச்சிரும். ஆமென்."

அவர் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கினார். "ஏட்டி, கடைசி வரிய விட்டுட்டியே."

"விடல. வேணும்னேதான் சொல்லல. அவர் சித்தம் வேற மாதிரி இருந்தா நான் என்ன செய்ய? எனக்கு நீங்க வேணும்ப்பா."

"சரி, இருக்கட்டும். அத நான் சொல்லிக்கிடுதேன்," என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். உள்ளே உதடு அசைந்தது. அதைப் பார்க்க ஷெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தில் பாட்டு நின்றது. சதீஷும் பக்கத்து வீட்டுப் பால்ச்சாமியும் மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஷெரின் கண்ணை மூடி ஆரம்பித்தாள். அப்பாவைத் தந்ததற்கு நன்றி சொன்னாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த இடம் வந்தது. வாய் நின்றுவிட்டது. சொல்லிவிட்டால் தன் கையாலேயே அவரைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. மாட்டேன் என்று நினைத்தாள்.

போதகர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆமென்," என்றார். மூடி இறங்கியது.

"இருங்கய்யா." அம்மா பிச்சையம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவ இன்னும் முடிக்கல."

மூடி பாதியில் நின்றது. தெருவில் பெட்டியை ஏற்றுகிற வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பதிலாக அந்த வரியைச் சொல்ல இனி ஆள் இல்லை.

"உம்ம சித்தம்," என்றாள் ஷெரின். கூட்டத்துக்குக் கேட்டதோ என்னவோ, அம்மா மட்டும் ஆமென் சொன்னாள்.

மூடி வர வழிவிட்டு ஷெரின் ஓர் எட்டுத் தள்ளி நின்றாள்.