பன்னிரண்டாவது பித்தளை

ஆகஸ்ட் பிறந்தால் என் வில்லம்புக் கடைக்கு வரும் ஆண்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். போன வருஷம் மான் தப்பியதற்கு வில்தான் காரணமாம். அவசரப்பட்டேன், கை நடுங்கியது, கோடை முழுக்க ஒரு நாள்கூடப் பழகவில்லை என்று இந்த முப்பது வருஷத்தில் ஒருத்தனும் சொல்லி நான் கேட்டதில்லை. குறிபார்க்கும் சைட் சரியில்லை என்பான். புதிதாக ஒன்று மாட்டித் தருவேன். அடுத்த வருஷம் அம்பு தாங்கி சரியில்லை என்பான். அதையும் மாற்றித் தருவேன். விற்கிறவளுக்கு என்ன வந்தது?

இந்தக் கூட்டத்தில் முதல் ஆள் டேரில். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். நாற்பத்தைந்து வயதாகிறது. அந்தச் சனிக்கிழமை நான் கடையைத் திறந்து காபி ஊற்றுவதற்குள் வில்லையும் அம்புக்கட்டையும் மேஜைமேல் பரப்பிவிட்டான்.

"ஹெல்மிக்கா, இந்த வருஷம் எல்லாத்தையும் மாத்திரணும்."

"ஆளையும் சேத்தா, வில்ல மட்டுமா?"

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

வில் ஆடாமல் இருக்க முன்னால் திருகும் தடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். இருப்பதிலேயே நீளமானதை எடுத்தான்.

"அதோட மரத்துல ஏறுனா கெளைக்குக் கெளை மாட்டும். தொங்கிக்கிட்டே கெடப்ப. மானே வந்து எறக்கிவிடும்" என்றேன்.

முனகிக்கொண்டே குட்டையான ஒன்றை எடுத்தான். அம்பு தாங்கியில் இரண்டு ரகம் காட்டினேன். சத்தம் வராத ரகத்தைப் பிடித்துக்கொண்டான். நல்ல தேர்வுதான். பிறகு அவன் பார்வை சுவரில் போய் நின்றது. அங்கே ரெய்னோவின் வில் தொங்கியது, விற்பனைக்கு என்று என் கையெழுத்தில் சீட்டு கட்டி.

ரெய்னோ டேரிலின் அக்கா கேரலைக் கட்டியவன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை, வாயே திறக்காத மனிதன். இருவரும் வெர்னாவின் எண்பது ஏக்கர் காட்டில்தான் வேட்டையாடுவார்கள். வெர்னா அதற்கு வாடகை கேட்பதில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மான்மேல் அம்பு பட்டால் அன்றைக்கே வந்து சொல்லவேண்டும், தன் நாயைக் கொண்டுவந்து அவள் தேடுவாள். அடிபட்ட மான் நாள்கணக்கில் கிடந்து சாவதை அவளால் பொறுக்க முடியாது.

ஏப்ரலில் பனி கரைந்தபோது ஓடைப்பக்கம் ஒரு ஆண்மானின் எலும்புக்கூட்டைப் பார்த்தாள். விலா எலும்புக்குள் அம்பின் முன்பாதி முறிந்து நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே தண்டு, ஒரே முனை. இரண்டும் என் கடைச் சரக்கு. இருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். போன வருஷம் அம்பே விடவில்லை என்றான் டேரில். ரெய்னோ மட்டும், அக்டோபர் கடைசியில் ஒன்று விட்டேன், மானுக்கு மேலே போனதாக நினைத்தேன், இரண்டு நாள் தேடியும் அம்பு கிடைக்கவில்லை, ஒருவேளை பட்டிருக்கலாம் என்றான். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள் வெர்னா.

மறுநாள் வில்லைக் கொண்டுவந்து என்னிடம் வைத்தான் ரெய்னோ. "யாருக்காவது குடுத்துரு ஹெல்மி. அது எத்தன நாள் கெடந்துச்சோ" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கு யாரையும் தேற்றத் தெரியாது. சீட்டை எழுதிக் கட்டினேன்.

இப்போது டேரில் அந்த வில்லில் இருந்த சைட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இதக் கழட்டி எனக்கு மாட்டுங்க. மச்சானுக்கு இனி எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "முழு வில்லா விக்கத்தான் குடுத்திருக்கான். கூறு போட்டு விக்கச் சொல்லல. கைய எடு."

"சும்மா கேட்டேன். அதுக்கேன் கடிச்சுக் கொதர்றீங்க?" என்று திரும்பி வந்தான். அம்புக்கட்டை என் பக்கம் தள்ளினான். "அப்புறம், இதுல இருக்கற பித்தளையெல்லாம் எடுத்துட்டு சாதாவ வச்சுக் குடுங்க."

அம்புத் தண்டு உள்ளே குழாய். முனையைத் திருகுவதற்கு அதற்குள் ஒரு சின்ன உலோகத் துண்டை ஒட்டவேண்டும். எல்லோருக்கும் அலுமினியம்தான் ஒட்டுவேன். ரெய்னோவுக்கு இருபது வருஷமாக அதுதான். முன்பக்கம் கனமாக இருந்தால் எலும்பையும் துளைக்கும் என்று எதையோ படித்துவிட்டுப் போன ஆகஸ்டில் பித்தளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் டேரில். வேறு யாரும் கேட்டதில்லை. ஒரு டஜன் வரவழைத்து ஒட்டிக் கொடுத்தேன். முனையைத் திருகிவிட்டால் உள்ளே இருப்பது பித்தளையா அலுமினியமா என்று வெளியே தெரியாது.

"போன வருஷம் இதுக்குத்தான தலகீழா நின்ன?"

"கனம் ஜாஸ்தி. அம்பு எறங்குது."

வெந்நீர் வைத்தேன். சூட்டில் பசை இளகும். பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வைத்தேன். டேரில் நின்றபடி கறி அடைத்த பாஸ்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். மேஜையெல்லாம் பாஸ்டித் தூள்.

"பதினொண்ணு இருக்கு. இன்னொண்ணு?"

"ஒடஞ்சு போச்சு."

நான் பேசாமல் துண்டுகளைத் துடைத்தேன். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. "பழகும்போது புல்லுக்குள்ள போயிருச்சு. எவ்வளவு தேடியும் கெடைக்கல."

"ஒடஞ்சுதா, தொலஞ்சுதா?"

வாயில் இருந்ததை அவன் மெல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் வந்த கோபத்தில் அந்த வெந்நீரை அவன் தலையில் கொட்டியிருப்பேன். ஆனால் நான் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைத் தொலைபேசியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"மானுக்குள்ள கெடந்த அந்த முறிஞ்ச அம்ப வெர்னா இன்னும் மாட்டுக்கொட்டகை ஆணியில மாட்டித்தான் வச்சிருக்கா. இடுக்கியால முனைய ஒரு திருகு திருகுனா உள்ள மஞ்சளா வெள்ளையான்னு தெரிஞ்சுரும். நான் கேக்கட்டுமா, நீ சொல்றியா?"

"ஹெல்மிக்கா..."

"மஞ்சளா, வெள்ளையா?"

கையில் இருந்த பாஸ்டியைக் கீழே வைத்தான். "ரத்தத் தடம் ஓடக்கரை வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு பொட்டுகூட இல்ல. நாப்பது கஜம், விட்டிருக்கக் கூடாது. வெர்னாகிட்ட சொன்னா காட்டுக்குள்ளயே விடமாட்டா. பன்னெண்டு வயசுலேர்ந்து நான் போற எடம்."

"அவனும் இருபது வருஷமாப் போற எடந்தான்டா."

"மச்சான் தன்னதுன்னு சொல்லுவாருன்னு நான் நெனைக்கவே இல்ல. அவரு சொன்னப்புறம் எப்படி வாயத் தொறக்க?"

"இப்பத் தொற."

கடையில் வேறு யாரும் இல்லை. நான் போய்ச் சன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். அவன் எண்களை அழுத்த வெகுநேரம் ஆனது. "வெர்னா, நான் டேரில் பேசறேன்" என்றது மட்டும் கேட்டது. பிறகு அவள்தான் பேசியிருக்கவேண்டும். அவன் வாங்குவதாகச் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ளாமல் வெறும் வில்லோடு போனான். அவன் முதுகைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ரொம்ப இல்லை.

திங்கட்கிழமை ரெய்னோ வந்தான். வெர்னா இடுக்கியால் திருகிப் பார்த்தாளாம், மஞ்சள். அவளே அவன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாளாம். கேரல் தம்பியோடு பேசுவதில்லையாம். இதையெல்லாம் நான்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினேன். டேரிலைப்பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவான் என்று நான் காத்திருந்தது வீண்.

அவன் சொல்ல வந்தது வேறு.

"அப்போ என்னோடது மேலதான் போயிருக்கு, ஹெல்மி."

"ஆமா."

"மேலதான். மயிருலகூடப் படல." அவன் சிரித்தான். அவன் பல் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வில்லை இறக்கிச் சீட்டைக் கத்தரித்து எடுத்தேன். தூசி தட்டி மேஜையில் வைத்தேன். அந்தப் பழைய சைட்டில் குறிவைக்கும் ஊசிகளின் நிறம் வெளுத்திருந்தது. பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

"சீசனுக்கு ரெண்டு மாசங்கூட இல்ல. புது சைட் ஒண்ணு மாட்டவா?"

ரெய்னோ கட்டைவிரலால் அந்த ஊசிகளைத் தடவினான்.

"எதுக்கு? இதுலதான தவறுச்சு."