கிபிரின் அடிப்பக்கம்

பிரான்சிலிருந்து வந்த பார்சலில் சொக்லேற்றும் சட்டைகளும் இருந்தன. அவற்றுக்கடியில் ஒரு பெட்டி. உள்ளே பிளாஸ்ரிக் துண்டுகளாகக் கிபிர் விமானம், ஒட்டிச் செய்வதற்கு. ஜெனிற்றாவின் தம்பி தன் பிள்ளைகள் தொடாமல் போட்டதை இங்கே தள்ளிவிட்டிருந்தான். போர்க்காலத்தில் வன்னியில் கிபிர் போட்ட குண்டுகளுக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்த குடும்பத்துக்கு அனுப்ப நல்ல சாமான்தான்! அவனுடைய மூளை எங்கே போனதோ.

"அடுப்புக்கை போடுங்கோ" என்றாள் ஜெனிற்றா. அவள் புருசன் ஜெராட் போடவில்லை.

விடத்தல்தீவுக் கரையில் பைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவன் அவன். உரஞ்சவும் ஒட்டவும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் விறாந்தையில் குந்திவிடுவான். இறக்கைக்கடியில் குண்டு தொங்கவேண்டுமானால், அதன் இரண்டு பாதியையும் ஒட்டுமுன்பே உள்பக்கத்தால் துளை போடவேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த செய்முறைப் படத்தில் காட்டியிருந்தது. துளை ஊசியைக் கையில் பிடித்தபடி ஒரு முழு ஞாயிறும் சும்மா இருந்தான்.

ஏனென்றால், அன்றைக்குக் குண்டு இல்லையென்று சொன்னவனே அவன்தான். 2009 மாசியில், இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழியால் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, "போட்டிட்டுத் திரும்பிப் போறான். அடியில ஒண்டும் இல்லை, வாங்கோ" என்றான். ஆறு வயது மகள் கிருஷாந்தினி வெளியில் இருந்த தண்ணீர்க் குடத்துக்கு முதலில் ஓடினாள். அவளை அந்த இடத்திலேயே புதைத்துவிட்டு இவர்கள் நடந்தார்கள்.

கீழே நின்று பார்த்தால் குண்டு தெரியுமா, தெரியாதா? தெரியாதென்றால் யார் பார்த்திருந்தாலும் பிழைவிட்டிருப்பார்கள். தெரியுமென்றால் பிள்ளையைக் கொன்றது தான்தான். இந்த நாலு வருடமும் அது அவனை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு துளை போட்டான். மிஞ்சிய படகுப் பெயின்றில் வயிற்றுக்குச் சாம்பலும் குண்டுகளுக்குக் கரும்பச்சையும் பூசினான். காய்ந்ததும் நைலோன் நூலில் கூரைமரத்தில் கட்டிவிட்டு, சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்தான்.

தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம் போலத் தெரிந்தது.

ஜெனிற்றா சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"தெரியுது, ஜெனி" என்றான். "நான் வடிவாப் பாக்கேல்லை."

"நான் பாத்தனான்."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"உங்களுக்குப் பின்னாலதானே நிண்டனான். குண்டு இருந்தது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பிள்ளை விடியத் தொடக்கம் தண்ணி கேட்டு அழுதவள். நீங்கள் சொன்னது உண்மையா இருக்கட்டுமெண்டு நினைச்சன்."

எங்கே தன்மேல் குற்றம் சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தைப் பார்க்கவே பயந்து திரிந்தவன் ஜெராட். அவளும் அதே பயத்தோடுதான் இத்தனை நாளும் தனக்குச் சோறு போட்டாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஜெனிற்றா வந்து அவனுக்குப் பக்கத்தில் படுத்து மேலே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு வடிவாத் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போனது?"

"பிள்ளை தண்ணிக்கு அழுதது எனக்கும் கேட்டதுதானே" என்றான்.